அழுக்கு வாடகைக்கு!

சென்னையில் விளம்பரங்களுக்கு போட்டோ எடுக்கும் நண்பன் மாசி மாதத்தில் ஒரு ராத்திரி போன் பண்ணினான். தஞ்சாவூரில் பத்தாவது வரை எனக்குப் பக்கத்து பெஞ்ச். கணக்குப் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதிப் பாஸானவன். நான் பி.காம். முடித்து இன்னமும் கணக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் கார் வாங்கி, அதை விற்று, பெரிய கார் வாங்கிவிட்டான். நீதி: காப்பியடித்தவன் கெடுவதில்லை.

"மாப்ளே, ஒரு பட்டுப் புடவை விளம்பரம். ரஸ்டிக்கா, இண்டஸ்ட்ரியலா, பழசா, துருப்பிடிச்சு..."

"புடவையா?"

"லொகேஷன்டா! புடவை புதுசு, சுவர் பழசு. அதுதான் காண்ட்ராஸ்ட். நம்ம ஊர்ப்பக்கம் ஒண்ணு பிடிச்சுக் குடு. ஷூட்டிங் செலவுக் கணக்கையும் நீயே எழுதிடு."

ரஸ்டிக் என்றால் என்ன என்று மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட்காரரிடம் கேட்டேன். "ரஸ்ட்னா துரு. ரஸ்டிக்னா துருப்பிடிச்சது. இதுகூடத் தெரியாம எப்படி சார் இங்கிலீஷ்ல லீவ் லெட்டர் எழுதறீங்க?" என்றார். டிக்‌ஷனரியைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ரஸ்டிக் என்பது கிராமப்புறத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வாரிசு. துரு வேறு வம்சம். போட்டோகிராபர்கள்தான் நடுவில் நின்று இரண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தேன்.

தஞ்சாவூர் என்றதும் எல்லாரும் பெரிய கோயிலைச் சொல்வார்கள். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. விளம்பரப் படம் என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 'சரி, மேலேயிருந்து ட்ரோனில் எடுத்துக்கலாமே' என்பவர்களுக்கு ஒரு தகவல்: நம் ஊர் விமானப்படைத் தளத்தில் 2020-லிருந்து சுகோய் போர் விமானங்கள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் ட்ரோன் விட்டால் புடவை விளம்பரம் வேறு விதமான செய்தியாகிவிடும்.

பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது. செங்கல்லால் கட்டிய பிரம்மாண்டம். அதுவும் பாதுகாக்கப்பட்ட சின்னம். அங்கேயும் மனுப் போடவேண்டும்.

அடுத்தது நாச்சியார்கோவில். குத்துவிளக்குப் பட்டறை. மூசையில் பித்தளை உருகிக்கொண்டிருக்கிறது. காவிரி வண்டலில் பிடித்த அச்சு வரிசையாக இருக்கிறது. சுவரெல்லாம் புகைக் கரி. நண்பன் பார்த்தால் அழுதுவிடுவான். பட்டறைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"லைட்டு போடுவீங்களா?" என்றார்.

"பெரிய லைட்டாவே போடுவோம் சார்!"

"அப்ப வேணாம். உருகின பித்தளையோட நிறத்தைப் பாத்துத்தான் எங்களுக்குப் பதம் தெரியும். உங்க வெளிச்சத்துல அந்த நிறம் தெரியாது."

வெளிச்சம் போட்டால் கண் தெரியாது என்கிற தொழில்கூட இருக்கிறது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

டெல்டாவில் ஏது இண்டஸ்ட்ரி என்று நீங்கள் கேட்கலாம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் கேட்கமாட்டீர்கள். வயல், வாய்க்கால், வயல், வாய்க்கால் என்று போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஒரு செங்கல் புகைபோக்கி எழுந்து நிற்கும். ரைஸ்மில்! நம் ஊருக்கு அதுதான் ஸ்டீல் பிளாண்ட், அதுதான் கப்பல் கட்டும் தளம்.

அப்படி ஒன்றை மன்னார்குடி ரோட்டில் வடுவூர் தாண்டி உள்ளே போகிற ஒரு கிளைச் சாலையில் கண்டுபிடித்தேன். முன்பக்கம் கரண்ட் மோட்டாரில் ஓடும் ஹல்லர். அக்கம்பக்கத்து வீட்டு நெல்லுக்குக் கூலி அரவை. நடுவில் சிமெண்டுக் களம். ஓரத்தில் ஊறல் தொட்டி, நெல் அவிக்கும் அடுப்பு. அடுப்புக்கு விறகு கிடையாது, உமிதான். 100 கிலோ நெல்லைப் புழுங்கலாக அரைத்தால் 68 கிலோ அரிசி என்பது சர்க்கார் கணக்கு. மீதியில் தவிடு கொஞ்சம். உமி மட்டும் நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நேற்றைய நெல்லின் உமி இன்றைய நெல்லை அவிக்கிறது. எந்தக் காமர்ஸ் வாத்தியாரும் இவ்வளவு அழகான பாலன்ஸ் ஷீட் எனக்குக் காட்டியதில்லை.

பின்பக்கக் கொட்டகையைத் திறந்தார் முதலாளி. அறுபது வயசு, சட்டைப்பையில் மூன்று பேனா. உள்ளே இருட்டில் ஆள் உயரச் சக்கரத்தோடு ஒரு ஆயில் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பெயர்த் தகட்டைப் படித்தேன். இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊர்க் கம்பெனி. பெயர் ரஸ்டன்!

ரஸ்டிக், ரஸ்ட், ரஸ்டன். மூன்றும் ஒரே கொட்டகையில். நண்பனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

"எங்க அப்பா காலத்து எஞ்சின் தம்பி. 'குப் குப்'னு சத்தம் ரெண்டு ஊருக்குக் கேக்கும். சத்தம் நின்னா சாப்பாட்டு நேரம்னு நடவுல நிக்கிற பொம்பளைங்க கரையேறுவாங்க. ஓடி இருவது வருஷமாச்சு. காயலான் கடைக்காரன் கிலோ கணக்குல கேட்டுக்கிட்டிருக்கான்."

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"நெல்லு இங்க வெளையுது. கொள்முதல் ஆகி, கூட்ஸ் வண்டியேறி வெளி மாவட்டத்துக்குப் போய் அரிசியாவுது. காங்கேயத்துல பெரிய பெரிய மில்லு. கருப்பு அரிசியைக் கலர் பாத்துப் பொறுக்கறதுக்கு மெஷின் வெச்சிருக்கான். எங்கிட்ட என் கண்ணுதான் இருக்கு. அதுலயும் ஒண்ணுல புரை."

நண்பன் கிளம்பி வந்தான். கொட்டகையைப் பார்த்ததும் கோயிலுக்குள் நுழைந்தவன் மாதிரி செருப்பைக் கழற்றினான். அன்றைக்கே வாடகை பேசி அட்வான்ஸ் கொடுத்தான். ஒரு நாளைக்குப் பத்தாயிரம். தேய்மானம் போட்டுப் போட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாய்க்கு வந்துவிட்ட எஞ்சின் அது. முதலாளிக்குச் சந்தேகம் தீரவில்லை.

"இதுல என்ன தம்பி பாக்கறீங்க?"

நண்பன் செல்போனில் சில படங்களைக் காட்டினான். ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்று ஒரு தம்பதி. 1959-லிருந்து சேர்ந்து வேலை செய்தவர்கள். தண்ணீர்த் தொட்டி, சுரங்கத்து ராட்டினக் கோபுரம், கேஸ் டாங்க், இப்படிப்பட்டதையே பல வருஷம் தேடித் தேடி எடுத்தார்கள். எல்லாம் மேகமூட்ட வெளிச்சத்தில், நேர் எதிரே நின்று, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. 1990-ல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது. போட்டோவுக்கு அல்ல, சிற்பத்துக்கான விருது! அந்தத் தொட்டிகளெல்லாம் யாரோ செதுக்கி வைத்த மாதிரி தெரிந்தன என்று எடுத்துக்கொள்ளலாம்.

"ஆக, இதுக்கெல்லாம் பரிசு குடுக்கறாங்க!" என்றார் முதலாளி. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தின் அர்த்தம் எங்களுக்கு அப்போது புரியவில்லை.

பத்து நாள் கழித்து வேனில் கேமரா, லைட், மேக்கப், மாடல் சகிதம் போய் இறங்கினோம். கொட்டகைக் கதவு திறந்தது. நண்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

சுவர் முழுக்கப் பளீரென்று வெள்ளைச் சுண்ணாம்பு. ஒட்டடை போயே போச்சு. எஞ்சினுக்குக் கிளிப்பச்சை பெயிண்ட். சக்கரத்துக்குச் சிவப்பு. நடுவில் சந்தனம், குங்குமம். வாசலில் மாவிலைத் தோரணம்.

"பரிசு வாங்கப்போற படமாச்சே தம்பி. ரெண்டு நாளா ஆள் போட்டுக் கழுவினேன். அந்தச் செலவு என்னோட இருக்கட்டும்!" என்றார் முதலாளி, பெருமை பொங்க.

லொகேஷன் தேடும் இளைஞர்களுக்கு முதல் பாடம்: வாடகைப் பத்திரத்தில் 'அழுக்கு உள்ளபடியே' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

அப்புறம் அழுக்குப் பண்ண ஆரம்பித்தோம். உமிச் சாம்பலைக் கரைத்துச் சுவரில் அடித்தோம். டீக்கடையிலிருந்து டிகாக்ஷன் வாங்கி வந்து எஞ்சின் மேல் தெளித்தோம். ரெண்டு நாள் தேய்த்துக் கழுவிய பெண்கள் மூன்று பேர் களத்து ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கில் எழுதினேன்: 'சுவர் அழுக்காக்கிய வகையில் டீச் செலவு ரூ.240.' ஆடிட்டர்கள் இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ!

மூவரில் மூத்தவர் ஒரு ஆயா. எழுபது இருக்கும். களத்தில் அவித்த நெல்லைப் பரப்பி, காலாலேயே கோடு கோடாகக் கிளறி விடுகிற வேலை. கிளற கிளறத்தான் ஒரே சீராகக் காயும். ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் ஈரமாக இருந்தால் அரவையில் நொய்யாகிவிடும்.

மாடலைச் சாம்பல் மேட்டின் மேல் ஏறி நிற்கச் சொன்னான் நண்பன். வெள்ளிக் குன்று மாதிரி அழகாகத்தான் இருந்தது.

"யம்மாடி! கால வெக்காத!" என்று ஒரு கூச்சல். ஆயா ஓடிவந்து கையிலிருந்த குச்சியைச் சாம்பலுக்குள் விட்டுக் கிளறினார். உள்ளே செக்கச்செவேலென்று கனல். "மேல பாத்தா ஆறினாப்புல இருக்கும். உள்ள கனிஞ்சுகிட்டே கெடக்கும். இப்புடித்தான் ஒரு புள்ள முழங்கால் வரைக்கும் வெந்துபோச்சு."

மாடல் பெண்ணுக்கு மேக்கப்பையும் மீறி முகம் வெளுத்துவிட்டது. இரண்டாம் பாடம்: மில்லில் எது அழகாக இருக்கிறதோ அதைத் தொடுவதற்கு முன்னால் அங்கே வேலை செய்கிறவரைக் கேளுங்கள். ஓடுகிற பெல்ட் பக்கத்தில் முந்தானை பறக்கிற மாதிரி ஷாட் வேண்டவே வேண்டாம். முன்பக்க மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஷாட்டுக்குப் போனோம்.

அடுத்த ஷாட்டுக்கு ப்ராப் வேண்டும் என்றான். ப்ராப் என்றால் கையில் பிடிக்கிற சாமான். மில் பரணில் தேடியதில் பழைய கோணி ஊசி, தராசுத் தட்டு, ஒரு பித்தளைப் பூண் போட்ட மரக்கால் கிடைத்தன. மரக்காலைப் பார்த்ததும் நண்பன் துள்ளினான். மாடல் அதை இடுப்பில் பூக்கூடை மாதிரி வைத்துக்கொண்டு, சக்கரத்தில் சாய்ந்து, தூரத்தில் யாரோ வரப்போவது போலப் பார்த்தாள்.

ஆயா சிரித்துவிட்டார். அடக்க முடியாத சிரிப்பு.

"என்ன பாட்டி?" என்றாள் அந்தப் பெண்.

"அத அப்புடியா புடிக்கிறது? குடு இங்க."

ஆயா களத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மரக்காலை நெல்லுக்குள் விட்டு ஒரே வீச்சில் அள்ளினார். "லாபம்" என்று சொல்லிக் கொட்டினார். அப்புறம் "ரெண்டு... மூணு..." ஒன்று என்று சொல்லமாட்டார்கள். முதல் மரக்கால் எப்போதும் லாபம்தான்.

"12 மரக்கா ஒரு கலம்" என்றார். "ஆனா எல்லா மரக்காவும் மரக்கா இல்ல பாப்பா. எங்க ஊரு கெழக்க, திருவாரூர்ப் பக்கம். எங்க ஆத்தா பண்ணையில வேல. அவுக நம்மகிட்ட வாங்குறப்ப இப்புடி அளப்பாக." நெல்லைக் கோபுரமாகக் குவித்துக் காட்டினார். "கும்பம். நமக்குக் கூலி குடுக்குறப்ப இப்புடி." உள்ளங்கையால் மேலே ஒரு வழி வழித்தார். குவியல் கீழே சரிந்தது. "தல தட்டி."

கீழே சரிந்த நெல்லைப் பார்த்தேன். ரெண்டு கைப்பிடி இருக்கும். எட்டு மணி நேர நடவுக்கு நடுவில், குழந்தைக்கு ஒரு வேளைக் கஞ்சி.

அந்த ரெண்டு கைப்பிடிக்குப் பின்னால் இந்த மண்ணில் பெரிய சரித்திரம் இருக்கிறது. கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுக் கீழத் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுத்த வருஷம், 1969-ல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. லிட்டரும் கிலோவும் வந்து மரக்கால் பரணுக்கு ஏறியது. பரணிலிருந்து இப்போது ப்ராப்பாக இறங்கியிருக்கிறது.

சென்னையிலும் இதே கதைதான். பெரம்பூர் பின்னி மில்லை நீங்கள் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். படத்தின் கடைசி ரீலில் ஹீரோ வில்லனைத் தூக்கித் தகர டிரம் மேல் எறிவாரே, அந்த மாதிரி இடம். 1996-ல் மில் மூடிய பிறகு அது சண்டைக் காட்சிகளுக்குச் சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. 1918-ல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான மெட்ராஸ் லேபர் யூனியன் அந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் பிறந்தது. நிஜச் சண்டை நடந்த இடத்தில்தான் டூப் போட்டுச் சண்டை எடுத்திருக்கிறோம். விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன்.

அதற்காகப் படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. படம் எடுக்காவிட்டால் அந்த எஞ்சின் போன மாசமே கிலோ கணக்கில் போயிருக்கும். பத்தாயிரத்தை வாங்கிக்கொண்ட முதலாளி, "இன்னும் ரெண்டு புடவைக்காரங்க வந்தா காயலான் கடைக்காரனை வராதேன்னுடுவேன்" என்கிறார். பழசுக்கு ஒரு வாடகை கிடைத்தால் பழசு பிழைக்கிறது. ஆனால் வாடகை சுவருக்கு மட்டும் போகிறது. சுவர் ஓரமாக இருக்கிறவரை 'ஃப்ரேமில் இருந்து கொஞ்சம் தள்ளிக்கம்மா' என்கிறோம்.

நண்பனும் அதைத்தான் சொன்னான். மூன்று பெண்களும் தள்ளிக்கொண்டார்கள். காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரை பாதிக் களத்தில் யாரும் கால் வைக்கவில்லை. நெல் கிளறப்படவில்லை. அவர்களுக்கு நாள் கூலி கிடையாது. காயவைத்த மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு.

சாயங்காலம் பட்டுவாடா. லொகேஷன், வேன், மேக்கப், சாப்பாடு, மரக்கால் வாடகை ஐந்நூறு. லிஸ்டில் அந்த மூன்று பேருக்குத் தலைப்பே இல்லை. நண்பனிடம் சொன்னேன்.

"அவங்க நடிக்கலையேடா!"

"நடிக்கலை. வேலையை நிறுத்தினாங்க. நஷ்டமும் செலவுதான். பி.காம். முதல் வருஷம்."

"சரி, ஏதாவது தலைப்பில எழுதிக் குடுத்துடு. பக்கத்து பெஞ்ச்ல இருந்தப்பவே உன் கணக்கை நான் சந்தேகப்பட்டதில்ல" என்றான். நல்லவன்தான். பார்க்கும்போது கண்ணில் கேமரா இருக்கிறது, அவ்வளவுதான்.

அரை நாள் கூலிக்கு மேலேயே இருக்கட்டும் என்று ஆளுக்கு முந்நூறு கொடுத்தேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்திருந்தது. ஆயா நோட்டை விரித்து எண்ணினார்.

"லாபம்... ரெண்டு... மூணு."

என்னை நிமிர்ந்து பார்த்தார். களத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இன்னிக்கு அர நாளு நிறுத்துனீங்க. காயாத நெல்ல நாளைக்கும் கொட்டிக் கெளறணும். அந்த நாள யாரு கணக்குல எழுதுவீங்க? தல தட்டியில்ல அளந்துட்டீங்க!"

கணக்கில் எனக்கு நூற்றுக்கு நூறு போட்ட வாத்தியார் அந்த நேரம் அங்கே இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம். பேசாமல் ஆளுக்கு இன்னும் ரெண்டு நோட்டு எடுத்து வைத்தேன்.

"நாலு... அஞ்சு" என்று எண்ணி முடிச்சுப் போட்டுக்கொண்டு, சாக்கை உதறிக்கொண்டு களத்தை மூடப் போய்விட்டார்.

விளம்பரம் வந்துவிட்டது. புடவை ஜொலிக்கிறது. பின்னால் டிகாக்ஷன் துரு ஏறிய ரஸ்டன். மாடல் பெண் மரக்காலைச் சரியாகப் பிடித்திருக்கிறாள். அவளே கேட்டு அப்படிப் பிடித்த ஷாட் அது.

வவுச்சரில் அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்து, கடைசியில் 'கும்பம்' என்று எழுதி அனுப்பினேன். சென்னையிலிருந்து அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட் இன்னமும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறது.